நகல் ஒலி செத்துப்போன கோரஸ் பெடல்: பழுது பார்த்த கதையும், அதற்குப் பிறகு காதில் விழுந்தவையும்

இரண்டு வாரமாக என் மாலை நேரத்தையெல்லாம் ஒரு கோரஸ் பெடல் எடுத்துக்கொண்டது. கிட்டார் ஒலியோடு சுருதி சற்றே அசையும் அதன் நகல் ஒன்றைச் சேர்த்து, இன்னொருவர் கூடவே வாசிப்பது போலக் காட்டும் பெட்டி அது, காலால் மிதித்து இயக்குவது. பல கை மாறி என்னிடம் வந்த பழைய பெடல். லைட் எரிகிறது, மிதித்தால் ஆன் ஆகிறது, ஆஃப் ஆகிறது, கிட்டார் சத்தமும் சுத்தமாக வருகிறது, ஆனால் கோரஸ் மட்டும் இல்லை. ரேட் (அசைவின் வேகம்), டெப்த் (அசைவின் அளவு) இரண்டு நாப்களையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சத்தம்தான். தூக்கிப் போட மனசு வரவில்லை. உள்ளே இருப்பது அனலாக் சர்க்யூட், எல்லாமே துளையில் கால் நுழைத்துச் சால்டர் செய்த பெரிய பாகங்கள், கண்ணுக்குத் தெரிகின்றன, கைக்கும் எட்டுகின்றன. சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழுது சரியானது ஒரு பக்கம் இருக்கட்டும். மாடுலேஷன் பெடல்களை, அதாவது ஒலியை அசைத்துக்கொண்டே இருக்கும் இந்த வகைப் பெடல்களை, நான் பயன்படுத்தும் விதமே இந்த வேலையால் மாறிவிட்டது, எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

திறந்ததும் முதல் வேலையாக போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அந்த நேரத்தில் நினைவில் இருக்கும் போலத்தான் தோன்றும், மறுநாள் இருக்காது. அப்புறம் உள்ளே இருந்த ஒவ்வொரு ட்ரிம்பாட்டும் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கே மெல்லிய மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. ட்ரிம்பாட் என்பது ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் குட்டி நாப், தொழிற்சாலையில் ஒருமுறை வைத்துவிட்டு மூடிவிடுவார்கள். அதைக் குறிக்காமல் திருப்பினால் திரும்பிப் போக வழி இருக்காது.

பிறகு ஆடியோ ப்ரோப். இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. பழைய கிட்டார் கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையை வெட்டி, வெளிச்சுற்று ஒயரில் ஒரு முதலைக் கிளிப்பும், நடு ஒயரில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் சால்டர் செய்தால் போதும். கிளிப்பை பெடலின் கிரவுண்டில் மாட்டி, மறுமுனையை ஆம்பில் சொருகி, ஆம்ப் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, கெபாசிட்டரின் காலால் போர்டில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். சிக்னல் இருக்கும் இடத்தில் கிட்டார் கேட்கும், செத்த இடத்தில் கேட்காது. கெபாசிட்டர் எதற்கு என்றால், டிசி மின்னழுத்தம் ஆம்புக்குள் போகாமல் தடுக்க. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இது 9 வோல்ட் பெடலுக்குச் சரி, வால்வு ஆம்புக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும், உயிருக்கு ஆபத்து.

கிட்டாரை மடியில் வைத்து ஒரு கையால் கம்பியைத் தட்டிக்கொண்டே மறு கையால் தொட்டுப் பார்த்தேன். இன்புட் ஜாக்கில் கேட்டது. அடுத்து ஆப்-ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் ஐசி. முதல் ஆப்-ஆம்பிலிருந்து சிக்னல் வெளியே வரும் பின்னில், அதாவது ஐசியின் காலில், கேட்டது. அடுத்து வடிகட்டி, அதைத் தாண்டியும் கேட்டது. ஒலியைத் தாமதிக்கும் பிபிடி ஐசியின் மூன்றாம் பின், அதாவது அதன் இன்புட், அங்கும் கேட்டது. ஏழாம் பின்னிலும் எட்டாம் பின்னிலும், அதாவது அவுட்புட்டில், ஒன்றுமே இல்லை. மெல்லிய இரைச்சல் மட்டும். ஆக, சிக்னல் பிபிடிக்குள் போகிறது, வெளியே வரவில்லை.

பிபிடி என்றால் பக்கெட் பிரிகேட் டிவைஸ். 1969-ல் பிலிப்ஸ் நிறுவனத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் உருவாக்கியது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. தீப்பிடித்த வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவது போல, உள்ளே வரிசையாக இருக்கும் குட்டிக் கெபாசிட்டர்கள் சிக்னலின் மின்னழுத்தத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போகின்றன. எப்போது மாற்ற வேண்டும் என்று தாளம் போடுவது பக்கத்தில் இருக்கும் கிளாக் ஐசி. என் பெடலில் இருந்தது எம்என்3207, 1024 படிகள் கொண்டது, கூடவே அதன் ஜோடியான எம்என்3102 கிளாக். தாமதக் கணக்கு எளிது: படிகளின் எண்ணிக்கையை கிளாக் வேகத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 5.12 மில்லிசெகண்ட், 50 என்றால் 10.24. கிளாக் வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்கினால் தாமதமும் குறைந்து கூடும், தாமதம் மாறிக்கொண்டே இருந்தால் சுருதி அசையும். கோரஸ், ஃபிளாஞ்சர், வைப்ரேட்டோ எல்லாவற்றுக்கும் அடிப்படை இவ்வளவுதான்.

அடுத்து மல்டிமீட்டர். கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை ஒவ்வொரு பின்னாக. ஐந்தாம் பின்னில் 8.7 வோல்ட், சப்ளை வருகிறது. நான்காம் பின்னில் 8.1, இதுவும் சரி, அங்கே சப்ளையின் பதினைந்தில் பதினான்கு பங்கு இருக்க வேண்டும். கிளாக் வரும் இரண்டாம், ஆறாம் பின்களில் தலா 4.3 வோல்ட். கிளாக் சதுர அலை என்பதால் பாதி நேரம் மேலே பாதி நேரம் கீழே இருக்கும், மீட்டர் அதைச் சராசரியாக்கிப் பாதி சப்ளையாகக் காட்டும். ஒரு பின்னில் முழு வோல்ட்டும் இன்னொன்றில் பூஜ்ஜியமும் காட்டியிருந்தால் கிளாக் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்படி இல்லை, ஓடுகிறது. கடைசியாக மூன்றாம் பின்: 0.2 வோல்ட்.

இங்கேதான் பிடி கிடைத்தது. பிபிடி கிட்டார் சிக்னலை அப்படியே ஏற்காது. சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும், அதற்கு மூன்றாம் பின்னில் கிட்டத்தட்டப் பாதி சப்ளை அளவுக்கு நிலையான மின்னழுத்தம் இருக்க வேண்டும். பயஸ் என்பது அதுதான். அது பூஜ்ஜியத்தில் கிடந்தால் வாளியில் தண்ணீரே ஏறாது. பயஸ் கொடுப்பது ட்ரிம்பாட். அதன் வெளிக்கால்கள் இரண்டிலும் சரியான வோல்ட் இருந்தது, நடுக்காலில் இல்லை. உள்ளே தேய்த்துக்கொண்டு சுழலும் தகடு துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவு சின்ன பாகம். ஐசி போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றியிருந்தால் நல்ல ஐசி ஒன்றைக் கழற்றி எறிந்திருப்பேன். அசல் எம்என் ஐசிகளைச் செய்த மத்சுஷிதா நிறுவனம் அவற்றின் உற்பத்தியை நிறுத்திப் பல காலம் ஆகிறது, இப்போது கூல்ஆடியோவின் வி3207 போன்ற மாற்றுகள் கிடைக்கின்றன, இருந்தாலும் உயிரோடு இருக்கும் பழையதை எதற்குப் பிடுங்க வேண்டும்?

ட்ரிம்பாட்டின் மேல் 104 என்று அச்சடித்திருந்தது. 10-க்குப் பின்னால் நான்கு பூஜ்ஜியம், அதாவது 100 கிலோ ஓம். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திருப்பிப் பார்த்தபோது சத்தம் வந்து வந்து போனது. மறுபடி விட்டுப்போகும் என்று தெரிந்ததால் மாற்றிவிட்டேன். பழைய போர்டில் ஈயம் எடுக்கும்போது அவசரம் கூடாது. முதலில் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பிறகு சக்கர் என்ற ஈயம் உறிஞ்சும் கருவியால் எடுக்க வேண்டும். காய்ந்த பழைய ஈயத்தை அப்படியே சூடாக்கிக்கொண்டே இருந்தால் போர்டிலிருந்து செம்புத் தடம் உரிந்து வந்துவிடும்.

புதியதைப் போட்டதும் பயஸ் வைக்க வேண்டும். இதற்கு நகல் ஒலியை மட்டும் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. டிரை, வெட் என்று சொல்வார்கள், நான் அசல், நகல் என்றே எழுதுகிறேன். கடைசி ஆப்-ஆம்பில் அசலும் நகலும் தலா ஒரு ரெசிஸ்டர் வழியாக வந்து சேருகின்றன. அசல் வரும் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றித் தூக்கிவிட்டேன். இப்போது ஆம்பில் நகல் மட்டும்தான். ட்ரிம்பாட்டை ஒரு கோடியிலிருந்து மெதுவாகத் திருப்பினேன். முதலில் மௌனம். பிறகு கிழிந்த காகிதம் போலக் கரகரவென்று ஒரு சத்தம், கம்பியை அடித்த நொடியில் மட்டும் வந்து உடனே அறுந்துபோகிறது. இன்னும் திருப்ப அது தெளிந்து முழுக் கிட்டார் ஆனது. மேலும் திருப்ப மறுபடி கரகரப்பு, மறுபடி மௌனம். ஆறு கம்பிகளையும் பலமாக அடித்துக்கொண்டே, கரகரப்பு தொடங்கும் இரண்டு எல்லைகளையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினேன். மீட்டரில் 4 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு ஐசிக்கும் மாறும். காதுதான் கடைசித் தீர்ப்பு.

ஆக நகல் வந்துவிட்டது. ஆனால் அசையவில்லை. அசல் ரெசிஸ்டரைத் திரும்ப இணைத்துப் பார்த்தால் குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுவது போல ஒரு மாதிரி உள்ளீடற்ற சத்தம், அசைவே இல்லாமல். ரேட் நாப்பை மேலே கொண்டுபோனபோதுதான் திடீரென்று உயிர் வந்து அசைந்தது. கீழே கொண்டுவந்தால் பாதி வழியில் நின்றுவிடும். வேகமாக ஓடுகிறது, மெதுவாக ஓட மறுக்கிறது.

கிளாக்கின் வேகத்தை ஏற்றி இறக்கும் மெதுவான அலையை உண்டாக்கும் பகுதிக்கு எல்எஃப்ஓ என்று பெயர். ஒரு கெபாசிட்டரை மெதுவாக நிரப்பி, ஒரு எல்லை வந்ததும் திசையைத் திருப்பிக் காலி செய்து, மறு எல்லை வந்ததும் மறுபடி நிரப்பும். ரேட் நாப் செய்வது நிரப்பும் வேகத்தை மாற்றுவது. அந்தக் கெபாசிட்டர் கசிந்தால் என்ன ஆகும்? குழாயை நன்றாகத் திறந்துவிட்டால் ஓட்டைப் பானைகூட நிரம்பிவிடும், சொட்டுச் சொட்டாக விட்டால் கசிவும் வரவும் சமமாகி எல்லையைத் தொடாமல் நின்றுவிடும். என் பெடலின் நிலைமை அச்சு அசலாக இதுதான். எல்எஃப்ஓ வெளியே வரும் பின்னில் மீட்டரை வைத்தேன். ரேட் மேலே இருக்கையில் எண்கள் ஏறி இறங்கின, கீழே இறக்கியதும் ஏறிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் உறைந்துபோயின. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் ஒன்றுதான் அங்கே இருந்தது. அதே மதிப்பில், அதே திசையில் புதிதாக ஒன்றை மாற்றியதும் மீட்டரில் எண்கள் மூச்சு விடுவது போல நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கின. அந்த ஐந்து நிமிடம் கிட்டாரைத் தொடவே இல்லை, எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழுது அதோடு முடிந்தது. ஆனால் அசல் ரெசிஸ்டரை மறுபடி ஒருமுறை கழற்றிவிட்டு நகலை மட்டும் வெகுநேரம் வாசித்தேன். இத்தனை வருடம் கோரஸ் பயன்படுத்தியும் நகலை மட்டும் தனியாக நான் கேட்டதே இல்லை. கேட்டால் அதில் கோரஸ் இல்லை. வெறும் சுருதி ஆட்டம், வைப்ரேட்டோ. டெப்த்தை ஏற்றினால் நாடா தொய்ந்த பழைய கேசட் போல இழுக்கிறது. ரெசிஸ்டரின் காலைத் தொட்டு அசலைச் சேர்த்த கணத்தில் அந்த மினுமினுப்பு, அந்த அகலம் எல்லாம் வந்துவிடுகிறது. காலை எடுத்தால் போய்விடுகிறது. ஆக கோரஸ் அசலிலும் இல்லை, நகலிலும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று உரசும் இடத்தில்தான் இருக்கிறது. படித்துத் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஒரு ஒயரைத் தொட்டு எடுத்துத் தொட்டு எடுத்துக் கேட்டபோதுதான் நாப்களை எதற்காகத் திருப்புகிறோம் என்பது பிடிபட்டது.

ரோலண்ட் 1975-ல் கொண்டுவந்த ஜேசி-120 ஆம்பில் இதையே வேறு விதமாகச் செய்திருந்தார்கள். இரண்டு ஸ்பீக்கர், ஒன்றில் அசல், மற்றொன்றில் சுருதி அசையும் நகல். கலப்பது சர்க்யூட்டில் இல்லை, அறையின் காற்றில். அதே சர்க்யூட்டைத் தனிப் பெட்டியாக்கி 1976-ல் பாஸ் சிஇ-1 என்று விற்றார்கள். முதல் கோரஸ் பெடல் அது. இரண்டு ஆம்ப் கைவசம் இருந்தால், ஸ்டீரியோ அவுட் உள்ள பெடலில் இந்த வகையை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் நின்று கேட்கும்போது சத்தம் ஸ்பீக்கரை விட்டே வெளியே வந்து நிற்கும்.

ரேட், டெப்த் இரண்டும் தனித்தனி நாப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காதுக்கு அவை தனித்தனி இல்லை. சுருதி எவ்வளவு விலகும் என்பது தாமதம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது, அது ரேட்டையும் டெப்த்தையும் பெருக்கி வரும் விஷயம். வளைவான சைன் அலை என்று வைத்துக்கொண்டால், தாமதம் நடுவிலிருந்து 1 மில்லிசெகண்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், விநாடிக்கு ஒரு சுற்று, இதில் சுருதி அதிகபட்சம் சுமார் 11 சென்ட் விலகும். ஒரு செமிடோன், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சுரங்களின் இடைவெளி, 100 சென்ட். 11 என்பது இதமான மினுமினுப்பு. அதே டெப்த்தில் ரேட்டை மட்டும் 5 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் விலகல் 54 சென்ட்டுக்குப் போய்விடும், அரை செமிடோனுக்கும் மேல், கடல் நோய் வந்தது போல இருக்கும். இதனால் இப்போது எனக்கு ஒரு பழக்கம்: ரேட்டை ஏற்றினால் அதே கையோடு டெப்த்தை இறக்குவேன். மெதுவாக ஆழமாக, இல்லையென்றால் வேகமாக லேசாக. இரண்டும் நடுவில் நிற்பதைவிட இந்த இரு கோடிகளில்தான் கிட்டாருக்கு நல்ல சத்தம் கிடைக்கிறது. மெதுவாக ஆழமாக வைத்து நெக் பிக்கப்பில் கம்பிகளைத் தனித்தனியாக மீட்டினால் ஒவ்வொரு சுரமும் சற்றே வேறு நிறத்தில் விழும். வேகமாக லேசாக வைத்தால் சுழலும் ஸ்பீக்கரின் சாயல் வரும்.

அந்த ரெசிஸ்டரின் காலை மறுபடி போர்டில் ஒட்டிவிட மனம் வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, சின்ன டாகிள் சுவிட்ச் ஒன்றை அந்தக் காலுக்கும் போர்டுக்கும் நடுவில் வைத்தேன். சுவிட்ச் மூடியிருந்தால் கோரஸ், திறந்தால் வைப்ரேட்டோ. பாஸ் சிஇ-2 வகைப் பெடல்களில் பலரும் செய்யும் மாற்றம்தான் இது. துளை போடும் முன் உள்ளே இடம் இருக்கிறதா என்று பேட்டரியை வைத்துப் பார்த்தேன், துளையிட்டபின் உலோகத் தூளை பிரஷ்ஷால் முழுக்க வெளியேற்றினேன். ஒரு துகள் இரண்டு பின்களுக்கு நடுவில் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

குடத்துக்குள் பேசுவது போன்ற சத்தம் என்று சொன்னேன் இல்லையா, அதையும் கொஞ்சம் தோண்டினேன். அசலும் அதன் தாமதித்த நகலும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாமதம் 1 மில்லிசெகண்ட் என்றால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், அப்புறம் 1500, 2500, 3500 என்று சீரான இடைவெளியில் சீப்பின் பற்கள் போல. ஃபிளாஞ்சர் வேலை செய்வது இந்த அளவுகளில்தான். பள்ளங்கள் அகலமாகத் தள்ளித் தள்ளி இருப்பதால் அவை நகரும்போது காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஜெட் விமானம் கடந்துபோவது போல. ஃபீட்பேக் கொடுத்தால், அதாவது வெளியே வரும் ஒலியில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பினால், பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடுகள் கூர்மையாகி உலோகச் சத்தம் வரும். தாமதம் 8 மில்லிசெகண்டுக்குப் போனால் முதல் பள்ளம் 62.5 ஹெர்ட்ஸ், அதன்பின் 125 ஹெர்ட்ஸுக்கு ஒன்று. நெருக்கமாகிவிடுவதால் காது அவற்றைத் தனித்தனிப் பற்களாகக் கேட்பதில்லை, இன்னொருவர் கூடவே வாசிப்பதாகத்தான் கேட்கிறது. ஃபிளாஞ்சருக்கும் கோரஸுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு எண்தான்.

ஃபேஸருக்கு வேறு வழி. அதில் தாமத ஐசியே இல்லை. எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, 1974-ல் வந்தது, ஒரே ஒரு நாப். உள்ளே நான்கு படிகள், ஒவ்வொரு படியும் சிக்னலின் அளவை மாற்றாமல் அதன் கட்டத்தை (ஃபேஸ்) மட்டும் திருப்பும். இரண்டு படிக்கு ஒரு பள்ளம் வீதம் மொத்தம் இரண்டே பள்ளம், அதனால்தான் ஃபிளாஞ்சர் போலக் கூர்மையாக இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் அதை மெதுவாக ஓடவிட்டுத் தனி வாசிப்புகளைச் சற்று முன்னுக்குத் தள்ளிக் காட்டினார். அந்த மாதிரி நான்கு படி ஃபேஸர் ஒன்று என்னிடம் இருக்கிறது, வாங்கியதிலிருந்தே அதன் சுழற்சி ஒரு பக்கம் மட்டும் சப்பையாகக் கேட்கும். கோரஸில் கிடைத்த தைரியத்தில் அதையும் திறந்தேன். உள்ளே ஒரே ட்ரிம்பாட். அது நான்கு ஃபெட் டிரான்சிஸ்டர்களுக்கும் சேர்த்து பயஸ் கொடுக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கொஞ்சம் போட்டு, கம்பிகளை முடக்கி வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டே திருப்பினேன். பெரும்பாலான இடங்களில் ஃபேஸரே இல்லை, ஒரு குறுகிய பகுதியில் மட்டும் விழித்துக்கொள்கிறது, அதற்குள்ளும் மயிரிழை திருப்பினால் சுழற்சியின் வடிவம் மாறுகிறது. மேலே போவதும் கீழே வருவதும் ஒரே நீளமாகக் கேட்கும் இடத்தில் விட்டேன். கால் திருப்புகூட இல்லை, பெடலே வேறாகிவிட்டது. சரியாக வேலை செய்யும் ஃபேஸரை நீங்கள் விற்கும் முன் அந்த ட்ரிம்பாட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், சப்பையாக இருக்கும் ஃபேஸரை விற்கும் முன் கட்டாயம் பாருங்கள்.

பெடல்கள் தயாரானதும் வரிசைப் பரிசோதனை. ஒரே ரிஃபை, அதாவது ஒரு சிறு வாசிப்புத் துண்டை, ஆடியோ இன்டர்ஃபேஸில் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஆம்புக்கு அனுப்பி, பெடல்களை மட்டும் இடம் மாற்றிக் கேட்டேன். கை வாசிப்பு ஒவ்வொரு முறையும் மாறினால் ஒப்பிட முடியாது, இது நல்ல வழி.

கோரஸ் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருந்தால் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இப்போது புரிகிறது: சுருதி சற்றே விலகிய இரண்டு ஒலிகள் டிஸ்டார்ஷனுக்குள் போகும்போது அவை உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு புதிய அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. ஒற்றைச் சுரத்தில் தாங்கலாம், பல சுரங்கள் சேர்ந்த முழு கார்டு அடித்தால் சேறு. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் அகலம் கிடைக்கிறது, கார்டும் பிரிந்து கேட்கிறது. ஃபேஸர் நேர்மாறு. முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் அந்தப் பள்ளங்களை ஓரளவு நிரப்பிவிடுவதால் சுழற்சி அடங்கி, ஆ, ஓ என்று உயிரெழுத்து சொல்வது போல ஒரு குரல் வருகிறது. பின்னால் வைத்தால் சுழற்சி மேலே ஏறி உட்கார்ந்து கிட்டாரையே மறைக்கிறது. தாளம் வாசிக்க முன்னால், ஒரு பகுதியைத் தூக்கிக் காட்டப் பின்னால் என்று வைத்திருக்கிறேன். ஃபிளாஞ்சருக்கு டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் இடம். சீப்பு வருட நிறைய மயிர் வேண்டும், சுத்தமான கிட்டாரில் அவ்வளவு ஹார்மோனிக்ஸ், அதாவது சுரத்தோடு ஒலிக்கும் மேல் அதிர்வெண்கள், கிடையாது.

சுழலும் ஸ்பீக்கரின் சாயலோடு ஒலிக்கும் இன்னொன்று ஷின்-எய் நிறுவனத்தின் யூனி-வைப், 1960-களின் கடைசியில் வந்தது. உள்ளே ஒரு குட்டி பல்பு துடிக்க, அதைச் சுற்றி நான்கு ஒளி உணரிகள். பல்பு பிரகாசமாவதும் மங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, அதனால் சுழற்சி சாய்ந்து, இதயத் துடிப்பு போல வரும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையில் அது வாத்தியமாகவே மாறியது. என்னிடம் அந்த வகை இல்லை, என் ஃபேஸரைச் சற்று வேகமாக ஓடவிட்டு ஃபஸ் என்ற கரடுமுரடான டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் கிட்டத்தட்ட அந்தச் சத்தத்தின் பக்கத்தில் போகிறது.

ட்ரெமலோவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஒலியளவு ஏறி இறங்குவதுதான். பெயரில் மட்டும் கவனம் தேவை. ஃபெண்டர் பழைய ஆம்ப்களில் வைப்ரேட்டோ என்று எழுதியிருப்பது உண்மையில் ட்ரெமலோ, 1954 ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ட்ரெமலோ என்று பெயர் வைத்த கைப்பிடி செய்வது வைப்ரேட்டோ. பழைய ஆம்பின் சர்க்யூட் படத்தைப் பார்க்கும்போது இது தெரியாமல் இருந்தால் மணிக்கணக்கில் தேடுவோம். வேகத்தைப் பாட்டுக்குப் பொருத்த 60-ஐ பிபிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால், வகுத்தால் ஒரு தட்டின் விநாடி கிடைக்கும்: 120 பிபிஎம்மில் அரை விநாடி, அதாவது 2 ஹெர்ட்ஸ். ட்ரெமலோவுக்கு இந்தக் கணக்கு முக்கியம். கோரஸுக்கு நான் வேண்டுமென்றே தாளத்தோடு பொருந்தாமல் விடுகிறேன், பொருந்தினால் ஒவ்வொரு சுற்றிலும் அதே சுரத்தில் அதே அசைவு வந்து இயந்திரத்தனமாகிவிடுகிறது.

கடைசியாக இரைச்சல். கோரஸையும் அனலாக் டிலேயையும் ஒரே அடாப்டரில் கண்ணியாக மாட்டியபோது மேலே ஒரு மெல்லிய விசில், நாப் திருப்பாமலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெடலிலும் தனித்தனிக் கிளாக் ஓடுகிறது, இரண்டும் காதுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் சப்ளை ஒயர் வழியாகக் கலந்து அவற்றின் வித்தியாசம் காதுக்குள் வந்துவிடுகிறது. கோரஸின் கிளாக் அசைவதால் விசிலும் அசைகிறது. தனித்தனியாகப் பிரித்த வெளியீடுகள் உள்ள பவர் சப்ளைக்கு மாற்றியதும் சுத்தமாக நின்றது. இன்னொன்று, எல்எஃப்ஓ திரும்பும் ஒவ்வொரு முறையும் டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம். எல்எஃப்ஓ திசை மாறும் கணத்தில் சப்ளையிலிருந்து சட்டென்று கரண்ட் இழுப்பதால் வருவது. அந்த ஆப்-ஆம்பின் சப்ளைக் காலுக்குப் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, அவுட்புட் ஒயரை எல்எஃப்ஓ பகுதியைத் தாண்டிப் போகாமல் பெட்டியின் ஓரமாக வளைத்துவிட்டேன். வாசிக்கும்போது கேட்பதில்லை. ஹை கெயினில் கம்பியை முடக்கிக் காது கொடுத்தால் இன்னும் லேசாக இருக்கிறது. குறைந்த கரண்டில் ஓடும் டிஎல்062 என்ற ஆப்-ஆம்ப் ஒன்றை அங்கே சாக்கெட்டோடு போட்டுப் பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது பெடல்களை அடுக்கி வைக்கும் பலகையில் வரிசை இது: ஃபேஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே. கோரஸில் ரேட் ஒன்பது மணி நிலையில், டெப்த் இரண்டு மணி நிலையில், இரண்டுக்கும் பேப்பர் டேப்பில் கோடு போட்டிருக்கிறேன். ஒரு பாட்டின் நடுவில் மட்டும் குனிந்து சுவிட்சைத் திறந்து அசலை வெளியேற்றுவேன், நான்கு வரிக்கு நகல் மட்டும் தள்ளாடிக்கொண்டு போகும், அப்புறம் சுவிட்சை மூடும்போது ஒலி மறுபடி விரிந்து வரும்.